மிச்சம்

தேவகோட்டை சாலையில், உரக்கிடங்குக்குப் பின்னால்,
தகரக் கொட்டகையில் எழுந்து நின்றது
மூன்றாம் வண்டி.
பெயின்ட் இல்லை, பிரைமரின் சாம்பல் மேனி.
பின்கதவு முழங்காலால் ஓர் இடி கொடுத்தால்தான் சாத்தும்.
முதல் வண்டி ஐப்பசி மழையில் நனைந்து செத்தது.
இரண்டாவதைப் பிரித்துத்தான்
இதற்கு இருக்கையும் ஒரு பக்கக் கண்ணாடியும்.

சித்திரை. வெளியே நாற்பத்தொன்று,
பேட்டரிப் பெட்டிக்குள் ஐம்பத்து மூன்று.
பின்னிருக்கையில் இரண்டு மூட்டை புழுங்கலரிசி
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன.
சேவுகன் ஓட்டினான்.
நான் மடியில் லேப்டாப்போடு
ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்துக்கொண்டிருந்தேன்.
காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருமயம்,
திரும்பி அதே வழி.
மூன்று சுற்று போனால் நூற்றுமுப்பது.
ஏசி போடாமல் போனால் என்று சொல்ல வேண்டும்.
போட்டோம்.
சேவுகனின் சட்டை பிழிகிற நிலையில் இருந்தது.

சத்தமில்லாத வண்டி.
சாலையில் படுத்திருந்த வெள்ளாடு
காதை மட்டும் ஆட்டியது.
ஹாரன் அடித்த பிறகும்
யோசித்துவிட்டுத்தான் எழுந்தது.

மூன்றாம் சுற்றில், பள்ளத்தூருக்கு இந்தப்பக்கம்,
திரையில் பதினொன்று என்று இருந்தது.
பதினொரு விழுக்காடு.
பச்சை எழுத்து, சிவப்புகூட ஆகவில்லை.
அப்படியே நின்றது வண்டி,
சொல்லிக்கொள்ளாமல் எழுந்துபோன விருந்தாளி மாதிரி.

தள்ளினோம். அரிசியை இறக்கிவைக்க
இருவருக்கும் தோன்றவேயில்லை.
அரைக் கிலோமீட்டரில் ஒரு மாவு மில்,
வாசலில் மிளகாய்ப் புகை, கல்யாண வீட்டுச் சாக்குகள்.
உரிமையாளர் பெயர் அடைக்கலம்.
முகத்தில் துண்டு, புருவமெல்லாம் சிவப்புத் தூள்.

"பிளக் குடுக்கலாம். ஆனா வரிசை உண்டு.
முதல்ல வத்தல், அப்புறம் மல்லி, அப்புறம் காரு."

தும்மித் தும்மிக் காத்திருந்தோம்.
உமையாளுக்கு போன் போட்டேன்,
அந்தப் பதினொன்றை எழுதியவள் அவள்தான்.
"உள்ளே எவ்வளவு இருக்குன்னு
யாருமே பாத்ததில்லடீ" என்றாள்.
"வோல்ட்டை வச்சு, போன கரன்ட்டைக் கூட்டி,
சூட்டைக் கழிச்சு, ஒரு ஊகம்.
உன் வெயிலை நான் கணக்குல சேக்கல."

அடைக்கலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.
மில்லில் எல்லாமே எடைதான்.
"தராசுல போட்டுப் பாத்தாத் தெரியாதா?"

தெரியாது.
நிறைந்தாலும் காலியானாலும்
இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
இதைச் சொன்னபோது
நாங்கள் ஏதோ மறைக்கிறோம் என்பது போலப் பார்த்தார்.

இரண்டு மணி நேரம் ஏறியது. நோட்டில் எழுதினார்:
வத்தல் 14 கிலோ.
மல்லி 9 கிலோ.
கார் 1.
யூனிட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டார்,
சில்லறை மீதியைச் சரியாகக் கொடுத்தார்.
"திரும்ப வந்தா பத்து மணிக்குள்ள வாங்க,
அப்ப வோல்டேஜ் நல்லா இருக்கும்."

ஒரு மாதம் உமையாள் கொட்டகையிலேயே கிடந்தாள்,
பேட்டரியைச் சுட வைத்து, ஆற வைத்து,
மறுபடி சுட வைத்து.
இப்போது திரை முன்பைவிடக் கஞ்சன்.
பூஜ்யம் என்று காட்டிய பிறகும்
நாலு கிலோமீட்டர் ஓடும், யாருக்கும் சொல்லாமல்.
நிரலில் அந்த நாலு கிலோமீட்டருக்கு
ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது.
அடைக்கலம் என்று வைத்திருக்கிறாள்.
புனேயிலிருந்து வந்த தணிக்கையாளர்
இது என்ன சுருக்கெழுத்து என்று கேட்டார்.

சோதனை அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு,
"அசாதாரண வாசனை ஏதேனும்?"
மிளகாய் என்று எழுதினேன்.
ஃபில்டரை இரண்டு முறை மாற்றியாயிற்று.
இன்னும் ஏசி போட்டால்
முதல் காற்றில் சேவுகன் தும்முகிறான்.

பின்கதவுக்கு
இன்னும் முழங்கால்தான்.